பேரையூருக்குப் போன வெப்பக்குழாய்

விண்வெளியில் எந்தப் பொருளுக்கும் எடை கிடையாது என்று டாக்டர் போன ஊரிலெல்லாம் சொன்னார். மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்குப் போகும் பஸ்ஸில் எல்லாவற்றுக்கும் எடை இருந்தது. என் மடியில் ஒன்பது மாதக் குழந்தை. காலடியில் மரப்பெட்டி. பக்கத்தில் நாத்தனார் செல்வி. அவள் மடியில் பால்புட்டி, ஃப்ளாஸ்க், ஈரத்துணிப் பை. முன் சீட்டில் கோட்டும் டையும் போட்ட டாக்டர். அவர் தோளில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு வாழைக்காய் வியாபாரி.

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் அல்ல. வெளிநாட்டில் படித்து, அங்கேயே ஆராய்ச்சி செய்து, லீவில் ஊருக்கு வந்திருந்தவர். நம்மவர் ஒருவர் விண்வெளிக்குப் போய்த் திரும்பியிருந்த காலம் அது. பள்ளி ஆண்டு விழா என்றால் விண்வெளி பற்றிப் பேச ஓர் ஆள் வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். இவரோ ராக்கெட்டில் ஒரு குழாயை அனுப்பியவர். விடுவார்களா? உசிலம்பட்டி, பேரையூர், கடைசியாக மதுரையில் எங்கள் பெண்கள் கல்லூரி என்று ஏற்பாடாகியது.

நான் அந்தக் கல்லூரியில் இயற்பியல் துறையில் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர். பெட்டியைச் சுமப்பது, மேடையில் டாக்டர் பேசும் இங்கிலீஷைத் தமிழாக்குவது, செய்முறை காட்டுவது மூன்றும் என் வேலை. துறையில் ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. "டாக்டர் வாயால உன்னப் பத்தி ஒரு நல்ல வார்த்த வரட்டும், மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். வீட்டில் என் கணவரும் தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். இடம் கிடைத்தால் வேலைக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் ஜூன் முதல் வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் கிளம்பியபோது குழந்தையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். பேச்சைவிட அதற்கு எடை அதிகம்.

கல்லூரி வேன் வரும் என்றார்கள். வேன் யாருடைய கல்யாணத்துக்கோ போயிருந்தது. அதனால்தான் பஸ்.

"பெட்டிக்குள்ள என்னம்மா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"வெப்பக்குழாய்."

"வெடிக்குமா?"

வெடிக்காது என்றேன்.

"அப்பப் பிள்ளைய அது மேல உக்கார வச்சிட்டு நீங்க தள்ளி உக்காருங்க. இன்னொரு ஆளு உக்காரலாம்ல."

பெட்டிக்குள் இருந்தவை முழ நீளச் செப்புக் குழாய் ஒன்றும், அதே நீளத்தில் கெட்டியான செப்புக் கம்பி ஒன்றும். குழந்தையின் பழைய துணிகளில் சுற்றி வைத்திருந்தேன். குழாயின் இரண்டு முனையும் அடைத்திருக்கும். உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டிருப்பார்கள். உட்சுவர் முழுக்க மெல்லிய செப்பு வலை. ஒரு முனையைச் சூடாக்கினால் அங்கே இருக்கும் தண்ணீர் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும். சூட்டை அங்கே கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீராகும். அந்தத் தண்ணீரை வலை உறிஞ்சிச் சூடான முனைக்கே கொண்டுவரும். தோசைக்கல்லில் தடவிய எண்ணெய் மாதிரி, சுவரோடு ஒட்டிய மெல்லிய படலமாகத் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும். பம்பு இல்லை, சத்தமில்லை. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கு ஒரு பக்கம் வெயிலில் வேகும், மறுபக்கம் உறையும். வெந்த பக்கத்துச் சூட்டை இந்தக் குழாய் எடுத்துப்போகும். நல்ல யோசனைதான். நான் குறை சொல்வது குழாயை அல்ல.

டாக்டர் வழி நெடுக எல்லாவற்றையும் வெளிநாட்டோடு ஒப்பிட்டுக்கொண்டு வந்தார். அங்கே பஸ்ஸில் யாரும் பேசமாட்டார்களாம். அங்கே ஆட்டை பஸ்ஸில் ஏற்றமாட்டார்களாம். நான் என் பங்குக்கு வெளியே பார்த்து மதுரையோடு ஒப்பிட்டேன். செக்கானூரணி தாண்டியதும் பச்சை என்பதே கருவேல மரத்தில்தான் இருந்தது. எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வருவதை ஏதோ என் சாமர்த்தியம் போல நினைத்துக்கொண்டேன். அவர் மதுரையை மட்டமாக நினைத்தார், நான் உசிலம்பட்டியை. உசிலம்பட்டிக்காரர்களும் யாரையாவது நினைத்திருப்பார்கள்.

அன்று அங்கே சந்தை. மாடு பார்க்க வந்தவர்கள் பாதிப்பேர் பள்ளிக்கூட நிழலுக்கு வந்துவிட்டார்கள், கூட்டத்துக்குக் குறைவில்லை. தலைமையாசிரியர் வீட்டில் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். நானும் செல்வியும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினோம். டாக்டர் வாழைப்பழம் மட்டும் உரித்துச் சாப்பிட்டார். தோலுக்குள் கிருமி போகாதாம். குடிக்கக் கோலி சோடா கேட்டார். கட்டை விரலால் கோலியை அமுக்கத் தெரியாமல் பல்லால் முயன்றார். தலைமையாசிரியர் வாங்கி அமுக்கிக் கொடுத்தார். பாதி சோடா டைக்குப் போனது.

பேச்சில் டாக்டர் எடையில்லாத இடத்தில் தண்ணீர் என்ன செய்யும் என்று விளக்கினார். அங்கே தண்ணீர் விழாது, தேங்காது. பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு ஊர்ந்து போகும். மூலை கண்டால் அங்கே சேரும். ராக்கெட் உச்சியில் மிதக்கிற அந்தச் சில நிமிடங்களில் குழாய்க்குள் அது எப்படிப் பரவியது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழாக்கினேன். பின்னால் நின்ற ஒருவர் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"எடையே இல்லாத எடத்துல மழ எப்படிங்கய்யா விழும்?"

அது சம்பந்தமில்லாத கேள்வி என்று சொல்லும்படி டாக்டர் என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விழாது, துளிகள் உருண்டையாக அப்படியே மிதக்கும் என்றேன்.

கேட்டவர் தலையாட்டினார். பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "அப்ப நம்ம ஊரு எப்பயோ அங்கன போயிருச்சு மாப்ள" என்றார்.

கூட்டம் அடங்க வெகுநேரமாயிற்று. அந்த ஊர்ப் பேச்சு பிடிபடாமல், என்ன சொன்னார் என்று டாக்டர் கேட்டார். இங்கிலீஷில் சொன்னேன். இங்கிலீஷில் சிரிப்பு வரவில்லை.

செய்முறை நன்றாகவே நடந்தது. டீக்கடையிலிருந்து கொதிநீர் வாங்கி வந்து, குழாயின் ஒரு முனையையும் கம்பியின் ஒரு முனையையும் அதில் முக்கி, மேல் முனைகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கம்பி சும்மா இருந்தது. குழாயைத் தொட்டவர்கள் விரலை உதறினார்கள். "பாத்தீங்களா, இதுக்கு மேலே, கீழே எதுவும் கிடையாது. விண்வெளி மாதிரியே வேலை செய்யும்" என்று டாக்டர் இதை மட்டும் தமிழிலேயே சொன்னார்.

எனக்கு அப்போதே உறுத்தியது. நாங்கள் சூடாக்கியது கீழ் முனையை. மேலே போன ஆவி தண்ணீராகித் தானாகவே கீழே வழிந்துவிடும். வலையே இல்லாத குழாயும் அதைச் செய்யும். நாங்கள் காட்டியது பூமியின் வேலையை; பெயர் மட்டும் விண்வெளிக்கு. சொல்லலாமா, சொன்னால் தப்பாகுமா, ஒருவேளை எனக்குத்தான் பாடம் மறந்துவிட்டதா என்று குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். சாயங்காலம் டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

"மேடம், இது ராக்கெட்ல போய்ட்டு வந்த குழாயோட தம்பி. இதுக்கு மேலே கீழே தெரியாது" என்றார்.

"ராக்கெட்ல தெரியாது சார். இங்க..."

"உங்களுக்குத் தூக்கம் இல்லை. கைக்குழந்தை வச்சிருக்கவங்களுக்கு எல்லாமே பயமாத்தான் தெரியும்."

அவருடைய ஒரு நல்ல வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. இதை இப்படியே விட்டால் அது கிடைத்துவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பேரையூர் பஸ் வழியில் பஞ்சராகி நின்றது. கரிசல் காடு கண்ணுக்கு எட்டிய தூரம் வெடித்துக் கிடந்தது. டயர் மாற்றும் வரை ஆண்களெல்லாம் ஒரே வேப்பமர நிழலுக்குப் போட்டி போட்டார்கள். குழந்தையோடு நின்ற எனக்கு யாரும் இடம் விடவில்லை. செல்வி போய், "அண்ணே, பச்சப்பிள்ளய வெயில்ல நிறுத்திட்டு நீங்க என்னத்தக் காக்குறீங்க?" என்று கேட்ட பிறகு நாலு பேர் எழுந்தார்கள். டாக்டர் எழுந்திருக்கவில்லை. குழந்தையின் கழுத்தில் வேர்க்குரு பொரிந்துவிட்டது. வீட்டில் இதைப் பார்த்து மாமியார் எத்தனை பெருமூச்சு விடுவார் என்று கணக்குப் போட்டேன்.

பேரையூர்ப் பள்ளியில் இறங்கியதும் பருத்திப்பால் கொடுத்தார்கள். கருப்பட்டி போட்டு நன்றாகவே இருந்தது. விழாத் தலைவர் அந்த ஊர்ப் பருத்தி அரவை மில் முதலாளி. ஆளுயரத்துக்குக் கொஞ்சமே குறைவான ஒரு புதுக் குத்துவிளக்கைப் பள்ளிக்குக் கொடுத்திருந்தார். அடியில் அவருடைய அப்பா பெயர் வெட்டியிருந்தது. மேடையில் பெரிய மனிதர்கள் செருப்போடு உட்கார்ந்திருக்கும்போது விளக்கைத் தரையில் வைப்பதா என்று தலைமையாசிரியர் அதை ஒரு மேசைமேல் ஏற்றியிருந்தார். சுடர் எல்லார் தலைக்கும் மேலே நின்றது. ஸ்டூலில் ஏறித்தான் முதலாளி திரியைக் கொளுத்தினார். பிறகு ஸ்டூலை எடுத்து ஓரமாகப் போட்டார்கள்.

அப்போதுதான் தலைமையாசிரியருக்கு ஒரு யோசனை வந்தது. டீக்கடை வெந்நீரில் விண்வெளியை ஆரம்பிப்பது மங்கலமாக இல்லை. முதலாளி தம் கையாலேயே குழாயை எடுத்து, தம் விளக்குச் சுடரில் சூடாக்கித் தொடங்கிவைக்கட்டும். மேடையில் எல்லாரும் தலையாட்டினார்கள். டாக்டர் எல்லாரையும்விட வேகமாக ஆட்டினார்.

சுடர் தலைக்கு மேலே. முதலாளி கீழே நின்று குழாயைத் தூக்கிப் பிடித்தால் சூடு மேல் முனையில், கை கீழ் முனையில். உள்ளே இருக்கிற கொஞ்சத் தண்ணீரும் கைப்பக்கம் வந்து தங்கிவிடும். முழ உயரத்துக்கு அதைத் தூக்க அந்த வலையால் ஆகாது. மேல் முனை வறண்டுபோகும், சூடு கைக்கு வராது.

தலைமையாசிரியரிடம் போய், விளக்கை மட்டும் கீழே இறக்கி வைத்தால் நல்லது என்றேன். ஏற்றிய விளக்கைக் கீழே இறக்குவதா என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். படித்த பெண், அதிலும் பிள்ளை பெற்றவள், இதைக் கேட்கலாமா என்பது அந்தப் பார்வை. டாக்டரிடம் போனேன். "உள்ளே வலை இருக்கு மேடம்" என்று முடித்துவிட்டார்.

முதலாளி குழாயைப் பிடித்தார். சுடர் மேல் முனையை நக்கிக் கரியாக்கியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. முதலாளி குழாயைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"என்னண்ணே, சுடுதா?" என்று கீழேயிருந்து ஒரு குரல்.

"ஜில்லுனுல்ல இருக்கு" என்றார் முதலாளி.

"விளக்கு உங்க விளக்குல்ல, உங்கள எப்படிச் சுடும்?" என்றது அதே குரல். சிரிப்பு கிளம்பியது. முதலாளியின் முகம் சிரிக்கவில்லை.

டாக்டர் கூட்டத்தைப் பார்த்துத் தெளிவான தமிழில் சொன்னார். "குழாய் நல்ல குழாய்தான். தயார் பண்ணினவங்க கவனம் குழந்தை மேல இருந்திருக்கு. பாவம்."

என் நல்ல வார்த்தை அப்படிப் போனது. பின்னால் செல்வி இடுப்பில் என் பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தான். ஊர் முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. இனி இழக்க ஒன்றுமில்லை என்று துணிந்தேனா, என் பிள்ளைமேல் பழியைப் போட்டதில் கோபம் வந்ததா, இன்றுவரை தெரியவில்லை. மேடை ஓரத்தில் கிடந்த ஸ்டூலை நானே இழுத்துக்கொண்டு வந்தேன்.

"ஐயா, விளக்க எறக்க வேணாம். நீங்க ஏறுங்க."

"எதுக்கும்மா?"

"குழாயோட சூட்டு முன கீழ இருக்கணும், உங்க கை மேல இருக்கணும்."

"உள்ள திரி மாதிரி ஒண்ணு இருக்குன்னு டாக்டர் சொன்னாரே. திரி எண்ணெய மேல தூக்கும்ல?" என்றார். பருத்திக்காரர் அல்லவா, நியாயமான கேள்வி.

"தூக்கும். எம்புட்டு தூக்கும்? இந்த விளக்கப் பாருங்க. திரி எண்ணெய்க்கு மேல ஒரு விரக்கட நிக்கிது. ஒரு முழம் நிமித்தி வச்சா எரியுமா?"

முதலாளி விளக்கைப் பார்த்தார். "எரியாது" என்றார். "கருகிப் போகும்."

"அதுதான் இப்ப உள்ள நடந்துச்சு. மேல எடையில்லாத எடத்துல தண்ணி கீழ எறங்காது, வலை சுளுவா இழுத்துக்கும். இது பேரையூரு. இங்க தண்ணி கீழதான் போகும்."

டாக்டர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நான் அதைத் தமிழாக்கவில்லை. அந்தப் பயணத்தில் நான் தமிழாக்காத இரண்டாவது வாக்கியம் அது.

கரிந்த முனை ஆறும்வரை காத்திருந்து, குழாயின் நடுவில் குழந்தைத் துணியை மடித்துச் சுற்றிக் கொடுத்தேன். முதலாளி ஸ்டூலில் ஏறினார். ஊருக்கு முன்னால் உயரமாக நிற்பதில் அவருக்கு ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. குழாயைக் கொஞ்சம் சாய்த்து, கீழ் முனையைச் சுடரில் காட்டினார். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். தண்ணீர் கொதித்து எழும்பும் சத்தம்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு கணம் எனக்கும் உயிர் போய் வந்தது. இப்போது மேல் முனையை விரலால் தொடுங்கள் என்றேன்.

தொட்டார். "ஆத்தாடி" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

கைதட்டலில் என் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டான். அதற்குப் பிறகு பேரையூரில் பாதிப்பேர் அந்த ஸ்டூலில் ஏறி விரலைச் சுட்டுக்கொண்டார்கள். முதலாளி பக்கத்திலேயே நின்று, ஏறுகிற ஒவ்வொருவரிடமும், "கைய மேல பிடிறா, இது பேரையூரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டருடைய சொற்பொழிவின் மீதியை யாரும் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் டாக்டர் என்னோடு பேசவில்லை. வேலை போனது என்றே முடிவு செய்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்திருக்கும், முதலாளிக்குச் சுடாமல் போனால் எனக்கென்ன என்று திருமங்கலம் வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் எங்கள் கல்லூரி. மேடைக்குப் போன எனக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. மேசைமேல் குத்துவிளக்கு. அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூல். காலையிலேயே டாக்டர் வந்து, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பியூனிடம் சொல்லி வைக்கச் செய்தாராம். கையில் குழாயோடு நின்று, "இதுக்கு மேலே, கீழே எதுவும் கிடையாது" என்று அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னார். சொல்லிவிட்டு, பட்டுச்சேலையோடு பிரின்சிபாலை ஸ்டூலில் ஏற்றினார். பிரின்சிபால் சுட்டுக்கொண்டார். கைதட்டினார்கள்.

இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மேலே கீழே கிடையாதுன்னா ஸ்டூல் எதுக்கு சார்?"

டாக்டர் புன்னகை மாறாமல் என் பக்கம் கையைக் காட்டினார். பின் வரிசைக்கும் தெரிவதற்காக என்று சொல்லியிருக்கலாம். சட்டென்று வாயில் வந்ததும் அந்தப் பொய்தான். பின்னால் கதவோரம் செல்வி பிள்ளையோடு நின்றாள். நான் ஸ்டூல் எதற்கு என்பதைச் சொன்னேன். விண்வெளியில் தேவையில்லை, மதுரையில் தேவை. இங்கே வலை தோற்கிற உயரத்தில் பூமி ஜெயிக்கிறது. ராக்கெட்டில் அனுப்பிப் பார்த்ததே அந்தப் பூமி இல்லாமல் பார்ப்பதற்காகத்தான் என்றேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"எக்ஸாக்ட்லி" என்றார் டாக்டர். "இதைத்தான் முதல் நாளே இவங்களுக்கு விளக்கியிருந்தேன்." பிரின்சிபால் பக்கம் திரும்பினார். "நல்ல பொண்ணு. சொன்னதைச் சொன்னபடி செய்யறாங்க. எதிர்த்து ஒரு வார்த்தை பேசறதில்லை."

பிரின்சிபால் சுட்ட விரலை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இடம் எனக்கு என்பது அந்தத் தலையசைப்பில் தெரிந்துவிட்டது.

பிள்ளை அழுதான், அதைச் சாக்காக வைத்து மேடையை விட்டு இறங்கினேன்.

"மதினி, அந்த ஆளு கூசாமப் புளுகுறாரு. நீங்க பாட்டுக்கு நிக்கிறீங்க" என்றாள் செல்வி.

"வேலை கிடைச்சிருச்சு செல்வி."

"எதுக்குக் கிடைச்சுச்சு?"

எதிர்த்துப் பேசாததற்குக் கிடைத்தது. அப்படி இல்லை என்று எதிர்த்துப் பேசியிருந்தால் கிடைத்திருக்காது. இதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். டாக்டர் குழாயைக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டு வெளிநாட்டுக்குத் திரும்பிவிட்டார். அங்கேயும் ஒரு ஸ்டூல் வாங்கியிருப்பார் என்பது செல்வியின் கட்சி.

வேர்க்குருவைப் பார்த்து மாமியார் ஒரே ஒரு பெருமூச்சுதான் விட்டார். ஜூனில் வேலையில் சேர்ந்தேன். முதல் வகுப்பில் பெண்கள் கையில் அந்தக் குழாயைக் கொடுத்து, மேல் முனையைச் சுடரில் காட்டிக் கீழ் முனையைப் பிடிக்கச் சொன்னேன். யாருக்கும் சுடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழாய் கெட்டுப்போய்விட்டது என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். யாராவது எழுந்து ஏன் என்று கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்கும்வரை மணி அடித்தாலும் விடுவதில்லை என்று இருந்தேன்.